சிக்கு சிக்கிய கதை

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் ஸ்ரீ அமான் பிரிவுக்குள் லுபோக் அந்து என்றொரு மாவட்டம் இருக்கிறது. லுபோக் என்றால் ஆற்றின் ஆழமான மடு. அந்து என்றால் பேய். ஆக, பேய்மடு. ஆசிரியர் வேலை மாற்றல் கடிதம் வந்த அன்று சுங்கை சிப்புட் வீட்டில் இந்தப் பொருளை அம்மாவிடம் விளக்கியது என் தவறு. அவர் மடித்துக் கொடுத்த திருநீற்றுப் பொட்டலம் இன்னும் காரில் இருக்கிறது.

வந்து பார்த்தால் பேயைக் காணோம். மாநிலத் தலைநகர் கூச்சிங்கிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டினால் ஒரு சின்னக் கடைவீதி, ஓர் ஆறு, எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியா. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் சரவாக்கின் பூர்வகுடிகளான இபான் மக்கள். அவர்களுடைய மொழி மலாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. புரிவது போலவே இருக்கும், ஆனால் காலை வாரிவிடும். 'ஆய்' என்றால் தண்ணீர். 1985இல் கட்டிய 108 மெகாவாட் அணைக்கே பாத்தாங் ஆய் என்றுதான் பெயர். இது தெரியாத முதல் வாரத்தில், வகுப்பில் ஒரு பொடியன் எழுந்து நின்று "சிக்கு, ஆய்" என்றான். சிக்கு என்றால் இங்கே ஆசிரியர். தமிழ்க் காதோடு கேட்ட நான், அவசரமாக அவனைக் கழிப்பறைக்கு அனுப்பிவைத்தேன். குழப்பத்தோடு போனவன், தாகத்தோடு திரும்பி வந்தான்.

இபான் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழும் நீளவீட்டை முதன்முதலில் பார்த்தபோது, "இது நம்ம தோட்டத் தொழிலாளர் லயம்தானே" என்று நினைத்தேன். வரிசையாகக் கதவுகள், கதவுக்கு ஒரு குடும்பம். ஆனால் லயத்தில் வாசலுக்கு வாசல் எல்லைச் சண்டை உண்டு. இங்கே எல்லாக் கதவுகளுக்கும் முன்னால் 'ரூவாய்' என்ற ஒரே கூடம், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடுப்பில்லாமல் ஓடுகிறது. வீட்டின் நீளத்தை அடிக்கணக்கில் யாரும் சொல்வதில்லை. எத்தனை கதவு என்பதுதான் கணக்கு. அந்தக் காலத்துத் தலைவேட்டை மண்டை ஓடுகள் தொங்குமா என்று தொலைபேசியில் கேட்ட மாமாவுக்காக அண்ணாந்து பார்த்தேன். வரிசையாகத் தெரிந்தவை தொலைக்காட்சித் தட்டு ஆன்டெனாக்கள்.

சிக்கல் முகவரியில்தான். நீளவீட்டுக்குப் பெரும்பாலும் அதன் தலைவரின் பெயரே பெயர். வீடு என்று பொருள்படும் 'ரூமா'வைப் போட்டு அவர் பெயரைச் சேர்த்தால் ஊர் தயார். தலைவர் மாறினால் ஊரின் பெயரும் மாறும். சரி, ஆற்றை வைத்து அடையாளம் சொல்லலாம் என்றால், ஓடை ஆற்றில் கலக்கும் முகத்துக்கு 'நங்கா' என்று பெயர். மழைக்காட்டில் ஓடைக்கா பஞ்சம்? தமிழ்நாட்டில் ஊர்கள் பட்டி என்று முடிவது போல, இங்கே நங்கா என்று தொடங்கிக்கொண்டே இருக்கும்.

என்னோடு வேலை செய்யும் இபான் நண்பன் ஜூன் முதல் தேதி கவாய் விருந்துக்கு அழைத்தான். அறுவடை முடிந்து கொண்டாடும் பெருநாள், நமக்குப் பொங்கல் போல. அவன் என்னை 'வாய்' என்றுதான் கூப்பிடுவான். இபானில் அதற்கு நண்பா என்று பொருள். அம்மாவிடம் சொன்னேன். பொருத்தமான பெயர்தான் என்றார்.

இருப்பிடத்தைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டதாக அவன் சொன்னான். அது எனக்கு வந்து சேர்ந்தது மாலை ஐந்து மணிக்கு. காலையில் என் கையில் இருந்தது, அவனுடைய தம்பி மகனுக்காகப் பள்ளிப் பதிவேட்டில் எழுதியிருந்த ரூமாவின் பெயர் மட்டும்தான். சந்தியில் ஒரு கடைக்காரரிடம் அதைச் சொல்லி வழி கேட்டேன். உற்சாகமாகக் கையை நீட்டி "செமாக்" என்றார். மலாயில் அதற்குச் சரிபார் என்று பொருள். அன்றாடம் பள்ளியில் நோட்டுத் திருத்தும்போது புழங்கும் சொல். புதர் என்றும் ஒரு பொருள் உண்டு. வழியைச் சரிபார்க்கச் சொல்கிறாரா, புதருக்குள் போகச் சொல்கிறாரா என்று விழித்தேன். இபானில் செமாக் என்றால் பக்கம். அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது.

படியேறியதும் வரிசையாக ஆட்கள், கையில் கோப்பைகள். துவாக் என்பது ஒட்டரிசிச் சோற்றை ஈஸ்ட் கலந்து புளிக்கவைத்து எடுக்கும் மது. பானகம் போல இனிக்கும். உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றும் செய்யாது. "ஊ... ஹா!" என்று கூடமே முழங்க, நானும் முழங்கினேன். நீ யார், யார் வீட்டு விருந்தாளி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாயை விரித்தார்கள், தட்டை வைத்தார்கள். மூங்கிலுக்குள் கோழியை அடைத்து மரவள்ளி இலையால் வாயை மூடி நெருப்பில் சுட்ட பான்சோ. தேங்காய்ச் சிரட்டையில் துளையிட்டு, மாவை எண்ணெயில் இழை இழையாக ஊற்றிப் பொரித்த குவே ஜாலா. முறுக்குக்கும் இடியாப்பத்துக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

நண்பன் எங்கோ உள்ளே வேலையாக இருக்கிறான் என்று முதல் கதவில் நினைத்தேன். மூன்றாம் கதவில் ஒரு பாட்டி என் முன்னால் வந்து உட்கார்ந்து, முழங்காலை நீட்டி, எங்கே வலிக்கிறது என்று விரலால் அழுத்திக் காட்டினார். இந்தப் பக்கத்தில் இந்திய முகம் என்றால் ஒன்று கிளினிக் மருத்துவர், இல்லாவிட்டால் ஆசிரியர். "டாக்டர் இல்லை பாட்டி, சிக்கு" என்றேன். அவர் முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பட்டாசும் கையுமாக நின்ற பேரனை இழுத்துவந்து ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னார்கள். பெருநாள் அன்று, புதுச் சட்டையில், ஒரு பையன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க நியாயமில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நானே மெதுவாக எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஏழாம் கதவில்தான் ஒரு பெரியவர், "சிக்கு யாரைப் பார்க்க வந்தது?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். நண்பன் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்றார். பதிவேட்டில் இருந்த ரூமாவின் பெயரைச் சொன்னேன். அது இதுதான் என்றார். பிறகு அவரே நெற்றியில் தட்டிக்கொண்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டின் பழைய தலைவருக்கும் இந்த வீட்டின் புதிய தலைவருக்கும் ஒரே பெயர். அங்கே தலைவர் மாறியபோது அந்த ஊரின் பெயர் போனது. இங்கே தலைவர் மாறியபோது அதே பெயர் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளிப் பதிவேடு மட்டும் எதற்கும் அசையவில்லை.

அவர் சிரிக்கத் தொடங்கினார். எட்டாம் கதவு என்னவென்று கேட்டுச் சிரித்தது. சிரிப்பு அப்படியே கூடத்தின் வழியே ஒவ்வொரு கதவாகக் கடைசி முனைக்குப் போய், அங்கிருந்து திரும்பி முதல் கதவுக்கு வந்தது. ஒன்றுக்கும் அசையாத கிழட்டு நாய்கூட எழுந்து பார்த்தது. நான் கிளம்ப எழுந்தேன். "எங்கே? இன்னும் பதினைந்து கதவு இருக்கிறதே" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஏழு வீட்டில் சாப்பிட்டுவிட்டு எட்டாம் வீட்டைத் தாண்டிப் போனால், அந்த வீட்டுக்காரர் நாளை எப்படி மற்றவர் முகத்தில் விழிப்பார்? நியாயமாகத்தான் பட்டது. எனக்குள் துவாக்கும் அதை ஆமோதித்தது.

சாவியைப் பெரியவரே வாங்கி வைத்துக்கொண்டார். காரை அங்கேயே விட்டுவிட்டுத் தொங்குபாலத்தில் நடந்தேன். "செமாக்" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். இந்த முறை உண்மையிலேயே பக்கம்தான். பாலத்தின் நடுவில் கைப்பேசி சிணுங்கியது. நண்பன் அனுப்பிய இருப்பிடம்.

அவன் பாலத்தின் முனையிலேயே நின்றிருந்தான். நடந்ததைச் சொன்னேன். "வாய், எல்லாவற்றையுமா சாப்பிட்டாய்?" என்றான். கொடுத்த உணவைத் தீண்டாமல் போனால் வழியில் ஆபத்து வரும் என்பது இவர்கள் நம்பிக்கை. அதனால் வேண்டாதவர்கள் விரலால் தட்டைத் தொட்டு உதட்டில் வைத்தால் போதுமாம், யாருக்கும் வருத்தம் இல்லையாம். இதை அவன் ஐந்து மாதத்தில் ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு, "நீ சாப்பிடத்தானே வருகிறாய்" என்றான்.

சரி, இனியாவது பிழைப்போம் என்று படியேறினேன். முதல் கதவில் அவனுடைய பாட்டி தட்டை நீட்டினார். மிகவும் மரியாதையாக ஆட்காட்டி விரலால் தொட்டு உதட்டில் வைத்தேன். பாட்டி என் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பேரனிடம் இபானில் ஏதோ கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தான்.

"அந்த வீட்டில் இருபத்திரண்டு கதவும் சாப்பிட்டாராமே, இங்கே தொட்டுப் பார்க்கத்தான் வந்தாரா என்று கேட்கிறார்."

எனக்கு முன்பே சேதி பாலத்தைக் கடந்துவிட்டது. பாயில் உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டேன். எத்தனை கதவு என்று நண்பனிடம் கேட்டேன்.

முப்பத்தொன்று.