தீசிஸில் இயற்பியலை விட நிரல்தான் படுத்தியது

வானியற்பியல் முதுகலை தீசிஸை ஒருவழியாகச் சமர்ப்பித்தாகிவிட்டது. ஒரு புறக்கோள் (சூரியனை அல்லாமல் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்) தன் விண்மீனின் குறுக்கே கடக்கும் நேரங்களைத் துல்லியமாக அளப்பதுதான் வேலை. இயற்பியல் பக்கம் பெரிய சிரமம் இல்லை. பாடாய்ப் படுத்தியதெல்லாம் கம்ப்யூட்டர்தான்.

எனக்கு முன் இருந்த மாணவர் விட்டுப்போன நிரல் என் கைக்கு வந்தது. "எல்லாம் ரெடி, ஓட்டினால் போதும்" என்றார் வழிகாட்டி. ஓடவே இல்லை. எழுதியிருந்தது பைத்தான் 2-இல். அதற்கான ஆதரவே 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எந்த நிரல் நூலகத்தில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. மெயில் போட்டுக் கேட்டால் "ஞாபகம் இல்லை" என்று பதில். தொலைநோக்கிப் படங்களைச் சுத்தம் செய்யும் பகுதியை, வானியலுக்கான பைத்தான் நூலகமான ஆஸ்ட்ரோபையை வைத்துப் புதிதாகவே எழுதிவிட்டேன், அது நல்லபடியாக முடிந்தது.

அப்புறம்தான் பெரிய தலைவலி. கடப்பு நேரங்களை வரைந்து பார்த்தால், கணித்த நேரத்திலிருந்து சில நிமிடங்கள் முன்னும் பின்னும் அலைந்தன. இன்னொரு கோள் இழுக்கிறதோ என்று குழுவில் எல்லோருக்கும் உற்சாகம். எனக்கு உறுத்தியது அந்த அலைவின் காலம். ஏறத்தாழ ஒரு வருடம், அதாவது பூமி சூரியனைச் சுற்றும் காலம்!

வானியல் படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் கோப்பின் ஹெட்டரை, அதாவது படத்தைப் பற்றிய குறிப்புகள் இருக்கும் தலைப்பகுதியைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். அதில் இருந்தது பூமியில் தொலைநோக்கி நின்ற இடத்தின் ஜூலியன் தேதி (நாட்களைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போகும் வானியல் கணக்கு), அதுவும் எக்ஸ்போஷர், அதாவது படம் பிடிப்பது, தொடங்கிய நேரம். புறக்கோள்களைத் தேடும் நாசாவின் டெஸ் விண்கலத்தின் நேரங்களோ சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்குத் திருத்தப்பட்டவை. பழைய நிரல் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்திருந்தது. சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர 8.3 நிமிடம் ஆகும். பூமி விண்மீனின் பக்கம் இருக்கும்போது ஒளி முன்னதாகவும், எதிர்ப்பக்கம் இருக்கும்போது தாமதமாகவும் வந்து சேரும். எங்கள் விண்மீன் பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தை ஒட்டி இருப்பதால், அதில் பெரும் பகுதி அப்படியே பிழையாக ஏறிவிட்டது.

இந்தத் திருத்தத்துக்கு ஆஸ்ட்ரோபையில் தனி ஃபங்ஷனே இருக்கிறது. விண்மீனின் இடத்தையும் தொலைநோக்கியின் இடத்தையும் கொடுத்தால் போதும். யுடிசி நேரத்தை (உலகப் பொது நேரம்) டிடிபி-க்கு (நிறை மையக் கணக்குக்கான நேர அளவு) மாற்றுவதையும் விட்டுவிடாதீர்கள், அதில் மட்டும் 69 விநாடி வித்தியாசம். எக்ஸ்போஷரில் பாதியையும் கூட்டியதும் புள்ளிகளெல்லாம் நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தன. இரண்டாவது கோள் கிடைக்காவிட்டாலும் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெரிய கணக்கீடுகளை ஓட்டும் கணினித் தொகுப்பான கிளஸ்டரில் கணக்கு வாங்கியது தனிக் கதை. படிவத்தில் வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும், அவரோ அப்சர்வேட்டரியில். ஸ்கேன் செய்து அனுப்பினால் செல்லாது என்றார்கள், ஏன் என்று கேட்டதும் பதிலே சொல்லாமல் என் கோரிக்கை டிக்கெட்டை மூடிவிட்டார்கள். கணக்கு வந்த பிறகு, ஒரு ஜாப் ஓடக்கூடிய நேர வரம்பை முன்னறிவிப்பு இல்லாமல் குறைத்தார்கள். என் எம்சிஎம்சி கணக்கீடு (தற்செயல் அடிகளாக நகர்ந்து, டேட்டாவுக்குப் பொருந்தும் மதிப்புகளைத் தேடும் முறை) பாதியில் செத்துப்போனது. நல்லவேளை, அதற்கு நான் பயன்படுத்திய எம்சீ என்ற பைத்தான் நூலகத்தில் ஒவ்வொரு அடியையும் கோப்பில் சேமித்துக்கொண்டே போகும் வசதியைப் போட்டு வைத்திருந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. நீங்களும் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

யாராவது தங்கள் நிரலைக் கொடுத்தால், வாங்கும் முன் கேளுங்கள்: நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட்டில் இருக்கிறதா? விடை தெரிந்த சோதனை டேட்டா கூடவே இருக்கிறதா? இல்லை என்றால், அதைச் சரிசெய்ய ஆகும் காலத்தையும் தீசிஸ் திட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இதை வழிகாட்டிகள் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். குவாண்டம் இயக்கவியலுக்கு இரண்டு பருவம் ஒதுக்குகிறவர்கள், நிரலெழுத ஒரே ஒரு தாள் வைத்துவிட்டு, மீதியை நாமே எப்படியாவது கற்றுக்கொள்வோம் என்று விட்டுவிடுகிறார்கள்.

முனைவர் பட்ட நேர்காணலில் என் நிரலைத் திரையில் திறக்கச் சொன்னார்கள். கிட்டில் பதிவான மாற்றங்களின் வரலாற்றைப் (கமிட்) பார்த்துக்கொண்டே, நேரப் பிழையை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார்கள். முக்கால்வாசி நேரம் அதிலேயே போனது. இடம் கிடைத்துவிட்டது.