இரண்டு முறை இறக்கிய என்ஜின்

பழைய செவ்ரோலே வேனில் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டரும் பெல்ட்டும்தான் கண்ணில் படும். என்ஜினின் பெரும்பகுதி ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே ஒரு மூடிக்குள் பதுங்கியிருக்கும். வேலை என்று வந்துவிட்டால் பாதி உடம்பு வெளியிலும் பாதி உடம்பு உள்ளேயும் இருக்க வேண்டும். என் இடுப்பு இன்றும் அதை மறக்கவில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு வந்தது 1990ஆம் ஆண்டு ஜி20 வேன், 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர். உரிமையாளர் ஓய்வுபெற்ற தச்சர். கோடைதோறும் இரண்டு டன் முகாம் டிரெய்லரை அல்கோன்குவின் பூங்காவுக்கு இழுத்துச் செல்பவர். ஹன்ட்ஸ்வில் தாண்டியதும் வரும் மேடுகளில் வண்டி மூச்சு வாங்குகிறது, எண்ணெயும் குடிக்கிறது என்றார்.

இந்த என்ஜினில் சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் கிடையாது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டே இன்ஜெக்டர்கள் மேலிருந்து பெட்ரோலைத் தூவும். என்ஜின் ஓடும்போது, அதன் வேகத்துக்கு ஏற்ப மின்னி மின்னி எரியும் டைமிங் லைட்டை அவற்றின் மேல் அடித்தால் தூறல் அப்படியே காற்றில் உறைந்து நிற்பதுபோல் தெரியும். ஒரு பக்கம் அழகான குடை. மறுபக்கம் கோணலாய் ஒழுகும் நூல். அந்த இன்ஜெக்டரை மாற்றினோம். ஆனால் சிலிண்டர்களும் தேய்ந்திருந்தன. கிரில்லையும் ரேடியேட்டரையும் கழற்றி முன்பக்கமாக என்ஜினை இறக்கினோம். சிலிண்டர் துளைகளை 0.030 அங்குலம் கூடுதலாகக் கடைந்தோம். பிஸ்டன் ரிங்கின் இடைவெளியை வழக்கமான 0.016 அங்குலத்துக்குப் பதில் 0.018 வைத்தோம். பாரம் இழுக்கும் வண்டியில் சூடு அதிகம். ரிங்கின் முனைகள் விரிந்து ஒன்றோடொன்று முட்டினால் உடைந்துவிடும்.

இதுவரை சரி. அடுத்ததில்தான் என் ஆசை குறுக்கே வந்தது. வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் ஒரு பெரிய கேம் ஷாஃப்டைத் தேர்ந்தெடுத்தேன். விளம்பரத் தாளில் அதன் குதிரைத்திறன் எண் கவர்ச்சியாக இருந்தது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

முதல் ஓட்டத்திலேயே கரும்புகை. இந்த வண்டியில் காற்றை நேரடியாக அளக்கும் கருவி இல்லை. உறிஞ்சு குழாயின் அழுத்தத்தையும் சுழல் வேகத்தையும் வைத்துக் கணினி காற்றின் அளவை ஊகிக்கிறது. பெரிய கேமால் ஐட்லிங்கில் வெற்றிடம் குறையும். பட்டறை முதலாளி பேசாமல் வெற்றிட மானியை மாட்டினார். பாதரச அங்குலத்தில் 18க்கு அருகில் நிற்க வேண்டிய முள் 11இல் ஆடிக்கொண்டிருந்தது. வண்டி நின்றபடியே மேடு ஏறுகிறது என்று நினைத்துக் கணினி பெட்ரோலை அள்ளி ஊற்றியது. கணினியின் சிப்பைத் திருத்தி எழுதினோம். புகை அடங்கியது, ஆனால் நிமிடத்துக்கு 2,500 சுழற்சிக்குக் கீழே இழுவை வரவே இல்லை. டிரெய்லர் இழுப்பவருக்கு வேண்டியதே அதுதான்.

மீண்டும் என்ஜினை இறக்கினேன். இது தட்டையான டாப்பெட் வகை; கேமின் மேல் உரசியபடி வால்வைத் தள்ளும் துண்டுதான் டாப்பெட். புதிய கேமுக்குப் பழைய டாப்பெட் ஆகாது. ஆக இரண்டும் புதிது, அந்தச் செலவு பட்டறையுடையது. மாட்டிய பிறகு 2,000 சுழற்சிக்கு மேல் இருபது நிமிடம் விடாமல் ஓட்டிப் பதப்படுத்த வேண்டும். இரண்டாம் முறை அந்த இருபது நிமிடத்தையும் தலையைக் குனிந்தபடியே கடத்தினேன். இம்முறை வைத்தது மிதமான கேம். சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டையும் மாற்றவில்லை; காற்று நுழையும் பாதை குறுகியது என்று பந்தயக்காரர்கள் கேலி செய்யும் ஹெட் அது. உயர் வேகத்தில் அது மூச்சை அடைக்கும், உண்மை. ஆனால் குறைந்த வேகத்தில் கலவையைச் சுழற்றி நன்றாக எரிய வைக்கிறது.

கூடவே பின் அச்சில் 3.08 பல்விகிதத்தை எடுத்துவிட்டு 3.73 விகிதமுள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்களைப் போட்டோம். சக்கரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இழுவை கூடியது, என்ஜினைத் தொடாமலேயே. இதை முதலில் செய்திருக்கலாம் என்று முதலாளி ஒருமுறைதான் சொன்னார்.

ஜூலையில் ஹன்ட்ஸ்வில்லிலிருந்து தச்சர் தொலைபேசியில் அழைத்தார். மூன்றாம் கியரிலேயே மேடு ஏறிவிட்டதாம். குதிரைத்திறன் எவ்வளவு கூடியது என்று கேட்டார். அளக்கவில்லை என்றேன். பக்கத்துக் கூடாரக்காரரிடம் சொல்லிக்கொள்ள ஏதாவது ஓர் எண் கொடு என்று கடைசிவரை விடவில்லை.