குவெரி கற்கப் பாடம் தேடி அலைந்த அனுபவம்

தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் எஸ்கியூஎல் கட்டளையான குவெரியை எழுதக் கற்றுத்தரும் பாடங்களில் பெரும்பாலானவை, எந்தத் தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பை வைத்துச் சொல்லித்தருகிறோம் என்பதைத் தெரிவிப்பதே இல்லை. நான் பணம் கட்டிச் சேர்ந்த காணொளி வகுப்பும் அப்படிப்பட்டதுதான். ஒவ்வொரு துறையிலும் அதிக ஊதியம் பெறுபவரைக் கண்டறிய, ஊழியரின் பெயரையும் ஊதியத்தின் மேக்ஸையும் (MAX, அதிகபட்சம்) செலக்டில் (SELECT, எவற்றைக் காட்டுவது என்று சொல்லும் பகுதி) அருகருகே போட்டு, குரூப் பையில் (GROUP BY, எதை வைத்துக் குழுவாக்குவது என்று சொல்லும் பகுதி) துறையை மட்டும் கொடுத்திருந்தார்கள். ஆசிரியரின் திரையில் விடை வந்தது; என்னிடமிருந்த போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) தரவுத்தளத்திலோ, பெயரும் குரூப் பையில் இடம்பெற வேண்டும் என்ற பிழைச்செய்திதான் வந்தது. உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவச் சொன்னார்கள். நிறுவினேன், பிழை அசையவில்லை.

காரணம் கடைசியில் மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற இன்னொரு தரவுத்தளத்தின் ஆவணத்தில் கிடைத்தது. 5.7.5க்கு முந்தைய பதிப்புகள் இத்தகைய குவெரியை இயல்பாகவே அனுமதித்து, அந்தத் துறையைச் சேர்ந்த யாரோ ஒருவரின் பெயரை எடுத்து அதிகபட்ச ஊதியத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடும். ஆசிரியர் வைத்திருந்தது அப்படியொரு பழைய பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆக, வகுப்பில் காட்டிய விடைதான் நம்பத்தகாதது. மறுத்த போஸ்ட்கிரெஸ் சரியாகவே நடந்துகொண்டிருக்கிறது. இதை விளக்கி எழுதிய பிறகும் பணம் திரும்பி வரவில்லை.

அடிப்படைகளை எஸ்கியூஎல்போல்ட் (SQLBolt) தளத்தில் இலவசமாகவே முடித்தேன்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆழமாகக் கற்றது போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் எக்ஸர்சைசஸ் தளத்தில்தான். உறுப்பினர், வசதி, முன்பதிவு என்று மூன்றே அட்டவணைகள் என்றாலும், உறுப்பினர் அட்டவணையில் அவரைப் பரிந்துரைத்தவரின் எண்ணும் ஒரு நெடுவரிசையாக இருப்பதால் பயிற்சிக்குக் குறைவில்லை. யாரையுமே பரிந்துரைக்காத உறுப்பினர்கள் யார் என்று அங்கே நாட் இன் (NOT IN, பட்டியலில் இல்லாதவை) கொண்டு கேட்டுப் பாருங்கள்; ஒரு வரிசைகூட வராது, பிழைச்செய்தியும் வராது. பரிந்துரையின்றிச் சேர்ந்தவர்களுக்கு அந்த இடத்தில் நல் (NULL, மதிப்பு இல்லை என்ற குறி) இருக்கிறது; நாட் இன் பட்டியலில் ஒரே ஒரு நல் புகுந்துவிட்டாலும் நிபந்தனை எந்த வரிசைக்கும் உண்மையாகாது. நாட் எக்சிஸ்ட்ஸ் (NOT EXISTS, பொருந்தும் வரிசையே இல்லாதவை) கொண்டு மாற்றி எழுதியதும் பெயர்கள் வந்து விழுந்தபோது, கட்டிய பணத்தைக்கூடச் சற்று நேரம் மறந்திருந்தேன்.

எனவே, பணம் கட்டுவதற்கு முன் பாடத்திட்டத்தில் நல் பற்றித் தனிப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அட்டவணைகளைக் காற்புள்ளியிட்டு அடுக்கி வேர் (WHERE) நிபந்தனையால் இணைக்கிறார்களா, 1992ஆம் ஆண்டுத் எஸ்கியூஎல் தரநிலையிலேயே வந்துவிட்ட, அட்டவணைகளை இணைப்பதற்கென்றே உள்ள ஜாயினை (JOIN) எழுதுகிறார்களா என்பதையும் மாதிரிக் காணொளியிலேயே கவனித்துவிடலாம்.