வெயிலில் காயும் நாற்பது லிட்டர்

உடுமலைக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பில், குளிக்கும் இடம் சாளையை, அதாவது தோப்பு வீட்டை, ஒட்டி வெளியே இருக்கிறது. மூன்று பக்கம் ஹாலோபிளாக் சுவர், ஒரு பக்கம் கீற்றுத் தட்டி. சுடுதண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்து அடுப்பில் அண்டாவை ஏற்றி மட்டையும் பாளையும் போட்டு எரிக்க வேண்டும். வெயிலிலேயே தண்ணீர் காயும்படி ஒரு ஷவர் செய்யப்போகிறேன் என்றதும் அப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, களத்துல மட்டை குமிஞ்சு கெடக்குது. அப்புறம் எதுக்கு இந்த வேலை?" விறகு காசில்லாமல் வருவது நிஜம்தான். ஆனால் புகையில் குந்தி ஊதுவது அம்மா.

இதில் புதுசாக எதுவும் இல்லை. கைக்குழந்தைக்கு ஊற்ற அம்மாயி வாசலில் அண்டாவை வெயிலில் வைப்பார். அமெரிக்காவில் பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் 1891-ல் காப்புரிமை வாங்கி விற்றதும் கிட்டத்தட்ட அதுதான்: கறுப்படித்த தொட்டிகள், சுற்றிலும் மரப்பெட்டி, மேலே கண்ணாடி. நானும் அதையேதான் செய்தேன், தொட்டிக்குப் பதில் குழாய்.

போர்வெல்லுக்கு ஓஸ் இறக்கிய பிறகு பழைய இரண்டு இஞ்ச் ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப்புகள் வேலியோரம் சும்மா கிடந்தன. இருபதடி நீளத்தில் மூன்றை எடுத்துப் பாதியாக வெட்டினால் பத்தடித் துண்டுகள் ஆறு. மேலேயும் கீழேயும் குறுக்குக் குழாய் வைத்து ஏணி மாதிரி பற்ற வைத்தாயிற்று. உள்ளே நாற்பது லிட்டர் பிடிக்கும். டிரம் ஒன்றிலேயே நூறு லிட்டர் ஊற்றி வைத்தால் லேசான வெதுவெதுப்புதான் கிடைக்கும். தண்ணீர் நிறைய, வெயில் படும் முகம் கொஞ்சம். பட்டறை அண்ணன் வெல்டிங்குக்கு முன் முனைகளில் இருந்த நாகப் பூச்சைத் தேய்த்து எடுத்தார். அந்தப் பூச்சு எரிந்து வரும் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும். வீட்டில் செய்பவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

நாற்பது லிட்டரை 30 டிகிரி ஏற்ற 1.4 யூனிட் (கிலோவாட் மணி) சூடு போதும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட் கொட்டுகிறது; பெட்டியின் பரப்பு 1.4 சதுர மீட்டர். பாதி வீணாய்ப் போனாலும் மூன்று மணிக்குள் காய்ந்துவிடும்.

வீணாக்குவது எங்கள் ஊரில் காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கறுப்புக் குழாயை மொட்டையாக வைத்தால், வெயில் கொடுப்பதை அந்தக் காற்று அப்போதே வழித்துக்கொண்டு போய்விடும். அதனால் கண்ணாடி அவசியம். இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் ஜன்னல் கண்ணாடிகள் மலிவாகக் கிடைத்தன. குழாய்க்கு அடியில் காய்ந்த தென்னை நாரைத் திணித்தேன். நார்த்தூளை வைக்கக் கூடாது, ஈரத்தைக் குடித்துக்கொள்ளும்.

பெட்டி குளியலறைக்கு மேலே தெற்குப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. எங்கள் அட்சரேகை பத்தரை டிகிரி. மார்கழி வெயிலுக்காக அதைவிடக் கூடுதலாகவே சாய்த்திருக்கிறேன். பச்சைத் தண்ணீர் கீழ்முனையில் நுழையும், சுட்டது மேல்முனையில் வெளியேறும். மேல்முனையிலேயே காற்றுப்போக்கி ஒன்று, டேங்க் மட்டத்துக்கு மேல் வரை. அது இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் வராது. இறங்கும் குழாய் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. சாதாரண பி.வி.சி. இந்தச் சூட்டில் இளகிவிடும். டேங்க் அதிக உயரத்தில் இல்லாததால் கடை ஷவரில் சொட்டுத்தான் வரும், எனவே பித்தளைப் பூவாளியின் மூக்கை வெட்டி மாட்டினேன். இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

விடிகாலைக் குளியலுக்கு இது ஆகாது. ராத்திரி முழுக்கச் சூடு கண்ணாடி வழியே போய்விடும். கோணிச்சாக்கு போர்த்தினாலும் விடியும்போது வெதுவெதுப்பு மட்டுமே மிஞ்சும். கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி 1909-ல் இதைத்தான் தீர்த்தார்: காய்வதற்குத் தனிக் குழாய்கள், சேமிக்க உறை போட்ட தனித் தொட்டி. 'டே அண்ட் நைட்' என்றே பெயர் வைத்து விற்றார். நாங்கள் தோப்பு வேலை முடித்துச் சாயங்காலம் குளிக்கிறவர்கள், கெம்ப்பே போதும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் மத்தியானத்தில் தண்ணீர் தயார். விடியலில் குளித்தே தீருவேன் என்கிற அப்பாவுக்கு மட்டும் அடுப்பு. அதை இப்போது அவரே பற்ற வைத்துக்கொள்கிறார்.

மூன்று மணித் தண்ணீர் தோலைச் சுட்டுவிடும் என்பதால் முதலில் பச்சைத் தண்ணீர் வால்வு, அப்புறம்தான் சுடுதண்ணீர். குழந்தைகள் எட்டாத உயரத்தில் வால்வை வைத்தது இதற்காகத்தான். போர்த்தண்ணீர் உப்பு என்பதால் பூவாளிக் கண்கள் அடைத்துக்கொள்ளும். கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும்.