திராட்சை மேடுகள்: செப்டம்பர் குறிப்புகள்

செப்டம்பர் 14, ஞாயிறு. மோல்ஸைம்

ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ப்ரூஷ் கால்வாயின் கரையோடு வந்தோம். 1682இல் வோபான் என்ற ராணுவப் பொறியாளர் வெட்டுவித்தது. ஸ்ட்ராஸ்பூர் கோட்டைக்கு வேண்டிய கல்லை மலையடிவாரத்திலிருந்து படகில் கொண்டுவருவதற்காக. படகுகள் நின்று வெகு காலமாகிறது. மதகுகளில் பாசி, அதன்மேல் வாத்துகளின் ஆட்சி. ஏற்றமே கிடையாது. "முதல் நாளுக்கு இது போதும்" என்றார் மாமா, பேட்டரி வைத்த சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு.

வழி நெடுகப் பேசினார். உறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடதுபக்கப் பையில் அது இருப்பது அவருக்குத் தெரியும். பையைக் கட்டும்போது பார்த்தார்.

செப்டம்பர் 15, திங்கள். ஓத்ரோத், அதற்கு மேல்

வெள்ளை ஒயின் நாட்டில் சிவப்பு ஒயினுக்குப் பேர்போன ஊர் ஓத்ரோத். அதை அனுபவிக்க நேரமில்லை. ஊர் முடியும் இடத்திலேயே மலை தொடங்கிவிட்டது. புனித ஓதில் மடம் சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே தோட்டங்கள் இருநூற்றுச் சொச்சம் மீட்டரில். நடுவில் இருக்கும் அத்தனையும் என் தொடைகளின் பாடு.

பாதி ஏற்றத்தில் சத்தம் ஆரம்பித்தது. வலது பெடல் கீழே போகும்போது ஒரு 'க்ளக்'. சமதரையில் இல்லை, இறக்கத்தில் இல்லை, அழுத்தி மிதித்தால் மட்டும். பெடலா, பெடல் அச்சா, சீட்டைத் தாங்கும் கம்பியா? எழுந்து நின்று மிதித்தேன். அப்போதும் கேட்டது, ஆகவே சீட் இல்லை. மாமா என்னைத் தாண்டிப்போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனார். உதவிதான் செய்வதாக நினைத்திருக்கிறார்.

ஓதில் பிறவியிலேயே பார்வை இல்லாதவள், ஞானஸ்நானத்தின்போது பார்வை வந்தது என்பது கதை. அவள்தான் பிரான்சின் கிழக்கெல்லையில் இருக்கும் இந்த அல்சாஸின் காவல் புனிதை. எனக்குப் பிடித்தது மடமல்ல, மலையைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் ஓடும் பழைய சுவர். கல்லோடு கல்லைக் கருவாலி மரத்துண்டால் பூட்டியிருக்கிறார்கள். மரம் மட்கிப்போய், இரு முனையும் விரிந்த குழி மட்டும் கல்லில் இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தேன். மழைநீரும் ஒரு பைன் ஊசியும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வோஜ் மலை மேகத்தை மறித்துவிடுவதால் பிரான்சிலேயே மழை குறைந்த இடங்களில் இதுவும் ஒன்றாம். கொட்டுகிறது.

செப்டம்பர் 17, புதன். தாம்பாக்

சாலை முழுக்க ஒட்டுகிறது. டிராக்டர்கள் திராட்சையை ஏற்றிக்கொண்டு போகும் வழியெல்லாம் சாறு சிந்தி, டயர் நாடா உரிப்பதுபோல ஓசை கிளப்புகிறது. குளவிகள் வேறு. கிரெமோன் என்ற நுரைக்கும் ஒயினுக்குக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. அதனால் வரிசைகளுக்கு இடையில் குனிந்த முதுகுகள் தெரிகின்றன. ஒரு பெண் கையிலிருந்த கொத்தைத் திருப்பிப் பார்த்து, அழுகிய நாலைந்து மணிகளைக் கத்தரிக்கோல் முனையால் உதிர்த்துவிட்டு வாளியில் போட்டாள். மிதிப்பதை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கொத்திலும் அதே நிதானம்.

இன்றைக்கு எழுத நினைத்தது அதுவல்ல. தண்ணீர் பிடிக்க ஒரு சிற்றூரில் நின்றோம். தேவாலயத்தை ஒட்டிப் போர் நினைவுக்கல். பிரான்சில் மற்ற இடங்களில் 'பிரான்சுக்காக இறந்தவர்கள்' என்று எழுதியிருக்கும். இங்கே 'எங்கள் இறந்தோருக்கு' என்று மட்டும். யாருக்காக இறந்தார்கள் என்று எழுத முடியாது. 1871இலிருந்து 1918 வரை இது ஜெர்மனி. முதல் போரில் இந்த ஊர்ப் பையன்கள் போட்டிருந்தது ஜெர்மன் சீருடை. 1940இல் மறுபடி ஜெர்மனி சேர்த்துக்கொண்டது. 1942 ஆகஸ்டில் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தது. சுமார் ஒரு லட்சம் அல்சாசியர்களைப் பிடித்து அனுப்பினார்கள், பெரும்பாலும் ரஷ்யப் போர்முனைக்கு. பெயர்கள் இரண்டு பத்தியாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரே குடும்பப் பெயர் நான்கு முறை. நாட்டின் பெயர் ஒருமுறைகூட இல்லை.

மாமா தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். பாட்டில் நிரம்பி வழிந்ததை நான் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன். செந்த்-இப்போலித்

எரிச்சல். ஓ-கேனிக்ஸ்பூர் கோட்டைக்கு ஏறியே தீரவேண்டும் என்று மாமாவுக்குப் பிடிவாதம். பேட்டரி இருந்தால் எல்லோருக்கும் பிடிவாதம் வரும். க்ளக், க்ளக், மேலே போகும் வரை.

கோட்டை 'பழையது' என்று அஞ்சலட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். இடிந்து கிடந்ததை 1899இல் செலெஸ்தா நகரம் இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அவர் போடோ எப்ஹார்ட் என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1900 முதல் 1908 வரை கட்டினார். இது என் நாட்டின் எல்லை என்று மலையுச்சியில் நின்று சொல்வதற்காக. வேலை முடிந்து பத்தே வருடத்தில் அது பிரான்சின் கையில். சிரிப்பு வந்தது, பிறகு அவ்வளவாக வரவில்லை. இறக்கத்தில் பின் பிரேக் தேய்ந்த ஓசை. அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

30ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. நாட்காட்டியில் பார்த்தேன், தெரிந்த விஷயத்தைத்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி. உனாவிர்

நல்ல நாள். காற்று பின்னாலிருந்து. பெர்கைம், ரிபோவில்லே, உனாவிர் மூன்றும் ஒன்றையடுத்து ஒன்று; நடுவில் குட்டிக் குட்டி மேடுகள், ஒரு மேட்டிலிருந்து இறங்கிய வேகம் அடுத்ததில் பாதி தூக்கிவிடும். இப்படி ஒரு சாலைக்காகத்தான் சைக்கிளைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

உனாவிர் தேவாலயம் தோட்டங்களுக்கு நடுவில் மதிலோடு நிற்கிறது. 1687இலிருந்து கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே கட்டடத்தை முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆரம்பத்தில் விருப்பத்தோடு அல்ல, அரச ஆணையால். ஆனால் நடந்துகொண்டிருக்கிறது.

நாரைகளும் இங்கே உண்டு. 1970களின் நடுவில் அல்சாஸ் முழுவதிலும் பத்து ஜோடிக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்தன. பயணத்தில்தான் அதிகம் செத்தன. அதனால் 1976இல் இங்கே ஒரு மையம் தொடங்கி, குஞ்சுகளைச் சில வருடம் கூண்டில் வைத்து, இடம்பெயரும் வழக்கத்தை மறக்கச் செய்தார்கள். பலனும் கிடைத்தது. இதைப் படித்ததிலிருந்து மனது சரியில்லை. நாரைகளுக்கு நல்லதுதானே நடந்தது? நல்லதுதான்.

ரிக்விர்: அழகு, கூட்டம், அரை மணி நேரம்.

செப்டம்பர் 20, சனி. கைசெர்ஸ்பெர்க்

ஆல்பர்ட் ஷ்வைட்ஸர் இங்கே 1875இல் பிறந்தார், ஆகவே ஜெர்மன் குடிமகன். 1913இல் பிரெஞ்சுக் காலனியான காபோனுக்குப் போய் லம்பரேனேயில் மருத்துவமனை தொடங்கினார். 1914இல் போர் வந்ததும் அவர் எதிரி நாட்டவர், வீட்டுக் காவல். 1917இல் பிரான்சுக்குக் கொண்டுபோய் முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்ததும் அதே மனிதர் பிரெஞ்சுக் குடிமகன். 1952ஆம் ஆண்டின் சமாதான நோபல் அவருக்கு. அவர் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்? யார் கேட்டார்கள்?

இரவு விடுதி முற்றத்தில், ஒரு கிண்ணம் ரீஸ்லிங் உள்ளே போன தைரியத்தில், நான்தான் கேட்டேன்.

"நீங்கள் போட்ட அன்று அழுதீர்களா, மாமா?"

"இல்லை அம்மா. அன்று மத்தியானம் எனக்கு நல்ல பசி. அதுதான் ஞாபகம் இருக்கிறது."

"அவ்வளவுதானா?"

"பழைய பாஸ்போர்ட்டை வாங்கி ஓரத்தைக் கத்தரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை எங்கே வைத்தேன் என்று உன் அத்தையைக் கேட்டால்தான் தெரியும்."

பிறகு சார்ஜர் ஒயரைத் தேட எழுந்து போய்விட்டார். திரும்பி வந்தவர், "உன் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மட்டும் யோசிக்காதே" என்றார். நான் அதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பெடலைக் கழற்றி மசகு போட்டு மாட்டினேன். சத்தம் போகவில்லை.

செப்டம்பர் 22, திங்கள். துர்க்கைம்

காலையில் சிகோல்ஸைம் குன்று. 1944 டிசம்பரிலிருந்து சில வாரச் சண்டையில் சிகோல்ஸைம், பென்விர், அம்மெர்ஷ்விர் மூன்றும் தரைமட்டம். அதனால்தான் பென்விரில் சாய்ந்த மரச்சட்ட வீடுகள் இல்லை, பயணிகள் நிற்பதில்லை. குன்றின் மேல் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்களின் கல்லறைகள். ஏராளமானவை வட ஆப்பிரிக்கர்களுடையவை. அவர்களும் 'பிரான்சுக்காக'. அவர்களிடம் அப்போது எந்தக் குடியுரிமை இருந்தது என்று கல்லில் இல்லை.

நாள் முழுக்க ஒன்றே ஓடுகிறது. 1871 மே 10, பிராங்ஃபர்ட் உடன்படிக்கை. பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பும் அல்சாசியர் 1872 அக்டோபர் 1க்குள் அப்படி அறிவிக்கலாம். ஆனால் வீட்டை விட்டுப் பிரான்சுக்குப் போய்விட வேண்டும். ஊர் வேண்டுமா, நாடு வேண்டுமா? திராட்சைக் கொடி நட்டால் முதல் விளைச்சலுக்கே மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அதை யார் கையில் விட்டுப் போனார்கள்? கெடு நாள் நெருங்க நெருங்க ரயிலடியில் கூட்டமாம். என் கெடுவுக்கு மறுநாள் அவர்களுடைய கெடு. இதில் ஒரு பொருளும் இல்லை. தேதி பார்க்கும் நோய் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

அவர்கள் ஒன்றை வைத்துக்கொள்ள ஊரை விட்டார்கள். நான் ஊரை விட்டு எவ்வளவோ காலமாகிறது. அப்படியானால் இந்தத் தாளில் விடுவதற்கு மிச்சம் என்ன? ஒன்றும் இல்லையென்றால் ஏன் உறையைப் பிரிக்கக்கூட முடியவில்லை? மாமாவுக்குப் பசித்தது. எனக்கு என்ன ஆகும்? தலை வலிக்கும். கட்டாயம் தலைதான் வலிக்கும்.

இரவு பத்து மணிக்குக் காவல்காரர் விளக்கும் ஈட்டியுமாகப் பாடிக்கொண்டு தெருச்சுற்றி வருவார். இப்போது பயணிகளுக்காக என்றாலும் மாமா இப்போதே செருப்பு மாட்டிவிட்டார்.

செப்டம்பர் 23, செவ்வாய். எகிஷைம்

தெருக்கள் வட்டத்துக்குள் வட்டம். மாமா ஒரு வட்டத்தில், நான் இன்னொன்றில். கத்திக் கூப்பிட்டுத்தான் சேர்ந்தோம். 1002இல் பிறந்த ஒன்பதாம் லியோ போப்பாண்டவரின் சிலையடியில் உட்கார்ந்து வால்நட் தின்றோம்.

சத்தம் பெடல் அச்சில்தான், சந்தேகமே இல்லை. இந்த ஊரில் அதைக் கழற்றும் சாவி கிடைக்காது. பின் பிரேக் கட்டையும் நாளைக்குத் தாங்காது, ருஃபாக் போவதற்கு முன்னால் கொல்மார் திரும்பி இரண்டையும் பார்க்க வேண்டும். கடை ஒன்பது மணிக்குத் திறக்கிறதாம். மாமாவிடம் பேனா இருக்கிறதா என்று கேட்டேன், எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார், மை