தக்காளி டைமரும் மூன்று விசிலும்

மாதாமாதம் 19ஆம் தேதி வந்தால் எனக்கு வீட்டு வேலையெல்லாம் ஞாபகம் வரும். மின்விசிறி இறக்கையில் தூசி, பரணில் கிடக்கும் பழைய ரேடியோ, வெட்டாத நகம். மறுநாள் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள், அதுதான் விஷயம். வீட்டிலிருந்தே ஏழு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன்.

போன மாதம் இதற்கு ஒரு மருந்து கிடைத்தது: பொமோடோரோ. 1980களின் கடைசியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், படிப்பில் மனசு ஒட்டாமல், அடுப்படியில் கிடந்த தக்காளி வடிவ டைமரைத் திருகி வைத்துப் படித்தாராம். பொமோடோரோ என்றால் அங்கே தக்காளி. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நாலு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீண்ட ஓய்வு.

நம் வீட்டில் தக்காளி ரசத்துக்குத்தான் இருக்கிறது. செல்போனில் வைத்தேன். மணி அடித்தது, அணைக்க எடுத்தேன், பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் எவனோ பத்தாம் வகுப்பு போட்டோவைப் போட்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தால் 5 நிமிட ஓய்வு 50 நிமிடம் ஆகியிருந்தது.

சரி என்று போனை பீரோ மேல் வைத்தேன். தெருவில் பழைய இரும்பு வண்டிக்காரரின் ஒலிபெருக்கி வேறு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டேன். அப்புறம் டைமர் எப்படிக் கேட்கும் என்று தோன்றவே இல்லை.

பஞ்சு வைக்கும் நேரம் பார்த்து அம்மா வந்தார். "தம்பி, பருப்பு வச்சிருக்கேன். மூணு விசில் வந்ததும் அணைச்சிடு, கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன்." தலையாட்டினேன்.

ஒரு கடைக்குக் கொள்முதல் கணக்கும், சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலும் 18 ரூபாய் உதைத்தது. பில் பில்லாகப் பார்த்துக்கொண்டு போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி ஓர் ஒருமுகம்! பசி இல்லை, போன் நினைப்பு இல்லை. மூக்கில் மட்டும் பஞ்சு இல்லாததால் கருகல் வாடை எட்டியது. எதிர்வீட்டு அக்கா பதினொரு விசில் வரை எண்ணினாராம். அப்புறம் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாராம்.

அம்மா திட்டவில்லை. குக்கரையும் கம்பி நாரையும் புளியையும் கையில் கொடுத்தார்.

தேய்த்தேன். ஓய்வில்லாமல், போன் இல்லாமல். அடியில் ரூபாய் அகலத்துக்கு வெள்ளை தெரிய ஆரம்பித்தபோது, எனக்குக் கணக்கு பழக்கிய பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண் எங்கோ இடம் மாறியிருக்கும். கரிக்கையோடு ஓடினேன். 4,275 என்பதை 4,257 என்று ஏற்றியிருக்கிறேன். மவுஸ் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

"கணக்கு சரியாயிடுச்சும்மா!"

அம்மா குக்கரைத் திருப்பிப் பார்த்தார். "பால் பாத்திரம்கூட அடிப்பிடிச்சிருக்கு. இன்னும் எத்தனை கடை பாக்கி?"