புளியரைச் செக்போஸ்ட்டில் என் மதிப்பு

கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்றால் போதும், தமிழக எல்லையில் இருக்கும் புளியரைச் செக்போஸ்ட்டில் கால்நடைத் துறை ஆட்கள் வந்து நின்றுவிடுவார்கள். கோழி, முட்டை, தீவனம் எது வந்தாலும் நிறுத்தி விசாரணை. லாரி டயருக்குக்கூட மருந்து அடிக்கிறார்கள். பைக்கில் வரும் என்னை மட்டும் ஏறிட்டும் பார்க்காமல் 'போ, போ' என்று கை காட்டுகிறார்கள். ஒரு கிருமியைக் கடத்தக்கூட லாயக்கில்லாதவன் என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது போல.

சரி, செல்போனாவது என்னை மதிக்கிறதா? 'உங்களுக்காகவே ஐந்து லட்சம் கடன் தயார்' என்று தினமும் செய்தி. சபலப்பட்டுத் தொட்டால் ஆதார் கொடு, பான் கொடு, கண்ணைச் சிமிட்டு, தலையை இடப்பக்கம் திருப்பு என்று எல்லாம் செய்யவைத்துவிட்டு, 'தற்போது உங்களுக்குத் தகுதியில்லை' என்கிறது. இதைத்தான் வீட்டில் கண்ணைச் சிமிட்டாமலே சொல்கிறார்களே!

1956 நவம்பர் 1-ல், இந்தப் புளியரை இருக்கும் செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இந்தப் பக்கம் வேண்டும் என்று போராட்டம், அந்தப் பக்கம் விட மனசில்லை. எனக்கு அந்தத் தாலுகாமேல் பொறாமை. என்னைப் பங்கு கேட்டு இரண்டு பேர் மல்லுக்கட்டியதாகச் சரித்திரமே கிடையாது.

அப்புறம் தென்காசி பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம். ஆடியில் சூரியகாந்தி பூத்துவிட்டால் கொல்லத்திலிருந்தெல்லாம் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள், செல்பி எடுக்க. வரப்போரமாக நின்ற என்னையும் ஒரு குடும்பம் ஆசையாகக் கூப்பிட்டது. "சேட்டா, ஒரு போட்டோ!" தலையைக் கோதிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

எடுத்துத் தரணுமாம்.